ஒரு குதிரை... இரண்டு சேணம்!



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் குதிரையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எஞ்சினின் சக்தியை இன்றும் ‘குதிரைத்திறன்’ என்றுதானே சொல்கிறோம்! அதோடு நம்ம பக்கத்துக்கும் குதிரைக்கும் பழைய சொந்தம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு அன்று பாராமகால் என்று பெயர். 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவின் குதிரைப்படை கம்பெனிப் படையைப் படாத பாடு படுத்தியது. போர் முடிந்து 1792-ல் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. 1824-ல் ஓசூர் மத்திகிரியில் ராணுவக் குதிரைகளுக்காகவே ஒரு பண்ணை தொடங்கினார்கள். அதுதான் பிற்காலத்தில் அரசு கால்நடைப் பண்ணை ஆனது. 2004-ல் மாவட்டம் பிரிந்தபின் அந்தப் பண்ணை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். உலகத்தில் குதிரைச் சவாரி செய்பவர்களில் இரண்டு பெரிய கட்சிகள் உண்டு. ஒன்று ‘இங்கிலீஷ்’ முறை. வேட்டையில் வேலி தாண்டியும், குதிரைப்படையில் பயிற்சி எடுத்தும் வளர்ந்தது. மற்றொன்று ‘வெஸ்டர்ன்’ முறை. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அமெரிக்க மாடு மேய்ப்பவர்கள் கற்றுக்கொண்டது. நாம் சினிமாவில் பார்க்கும் கௌபாய் சவாரி இதுதான். இவர் அவரை முரடன் என்பார். அவர் இவரை அலங்காரப் பேர்வழி என்பார். உண்மையில் இரண்டு பேரிடமும் சரக்கு இருக்கிறது.

முதலில் சேணம். வெஸ்டர்ன் சேணம் பெரியது. எடை சுமார் 15 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். முன்னால் கொம்பு மாதிரி ஒரு பிடி இருக்கும். சுருக்குப் போட்டு மாட்டைப் பிடித்ததும் கயிற்றை அதில் சுற்றிவிடுவார்கள். பரப்பு அதிகமானதால் ஆளின் பாரம் குதிரையின் முதுகில் பரவலாக இறங்கும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று முதல் வருடமே படித்தோமே, அதேதான். இங்கிலீஷ் சேணம் 5 முதல் 8 கிலோதான். பரப்பு குறைவு, ஆனால் தாண்டிக் குதிக்க லேசு. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. 65 கிலோ ஆளும் 15 கிலோ சேணமும் ஏறினால் கணக்கு அங்கேயே முடிந்துபோகும்!

அடுத்தது கடிவாளம். இங்கிலீஷ் முறையில் பெரும்பாலும் சாதாரண வளையக் கடிவாளம். ஒரு கிலோ இழுத்தால் வாயில் ஒரு கிலோ. வெஸ்டர்ன் முறையில் பழகிய குதிரைக்கு நீண்ட கைகள் உள்ள நெம்புகோல் கடிவாளம். வாய்க்கம்பிக்கு மேலே ஒன்றரை அங்குலம், கீழே நாலரை அங்குலம் என்று வையுங்கள். ஒரு கிலோ இழுப்பு தாடைச் சங்கிலியில் 3 கிலோவாகும். இரண்டும் சேர்ந்து வாய்க்கம்பியில் 4 கிலோ! அதனால்தான் நல்ல வெஸ்டர்ன் சவாரிக்காரர் வாரைத் தொங்கலாகவே விடுவார். ஒரே கையில் பிடிப்பார். இடப்பக்கம் திரும்ப, வலப்பக்க வார் கழுத்தில் லேசாகப் பட்டால் போதும். போரில் ஒரு கையில் வாளும் ஈட்டியும் பிடித்தவர்களுக்கும் இதே தேவை இருந்தது. வாரைச் சதா இறுக்கிப் பிடிக்கும் இங்கிலீஷ்காரர் இங்கே கற்க வேண்டியது ஒன்று: குதிரையை நம்பிக் கையைத் தளர்த்துவது.

வெஸ்டர்ன்காரருக்கும் பாடம் உண்டு. குதிரை பெருநடை போடும்போது அந்தத் தாளத்துக்கு அங்கவடியில் எழுந்து எழுந்து அமர்வது இங்கிலீஷ் வழக்கம். குதிரையின் முதுகுக்கும் நம் முதுகுக்கும் குலுக்கல் குறைகிறது. தாண்டும்போது முன்னால் சாய்வதை வகுத்துத் தந்தவர் கேப்ரில்லி (1868-1907) என்ற இத்தாலியப் படை அதிகாரி. ஆளின் புவியீர்ப்பு மையம் குதிரையின் மையத்தோடு சேர்ந்து நகர வேண்டும் என்பதுதான் சூத்திரம். அதைவிட முக்கியம் ஹெல்மெட். கௌபாய் தொப்பி வெயிலைத் தடுக்கும், மண்டையைக் காக்காது. பைக்கில் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகும் நம் நண்பர்களுக்கும் இது பொருந்தும்.

இதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து சமாச்சாரம், நமக்கென்ன என்கிறீர்களா? ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடுகிறது. போனால் எல்லாரும் வயசு கணிக்கக் குதிரையின் பல்லைப் பார்ப்பார்கள். நீங்கள் கடிவாளத்தைப் பாருங்கள். முள் வைத்த கடிவாளம் போடக்கூடாது என்று 1965-லேயே மத்திய அரசின் விதி வந்துவிட்டது. முள் வைத்தால் குதிரை கட்டுப்படும் என்பது வெறும் நினைப்பு. வலியில் அது தலையைத் தூக்கும், மிரளும், ஆளையும் தள்ளும். கம்பி பழுதில்லாமல் இருந்து, கை பதமாக இருந்தால் முள்ளுக்கு வேலையே இல்லை.

வாயில்லா ஜீவன் என்கிறோம். ஆனால் நாம் அதிகம் வதைப்பது அதன் வாயைத்தான்! எந்த முறை உசத்தி என்று மனிதர்கள் சண்டை போடலாம். தவறான முறைக்கு விலை கொடுப்பது குதிரை. ஒரு கருவி ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று கேட்பவன்தான் டெக்னீஷியன். அடுத்தவன் கருவியையும் அதே கேள்வியோடு கையில் எடுத்துப் பார்ப்போம். கேலி தானாகக் குறையும்; கற்பது கூடும்.