கடலுக்கு அடியில் ஒரு தராசு

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வாங்கியவர்கள் மெயில், ரயில் டிக்கெட், பாட்டு என்று பழகிக் கொண்டிருப்பீர்கள். கடலின் அடித்தரையில் அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் தெரியுமா? நான் அடிக்கடி திறந்து பார்க்கும் தளம் இது.

கூகுளில் 'நேஷனல் டேட்டா பாய் சென்டர்' என்று தேடி, அமெரிக்க அரசின் அந்தத் தளத்தில் 'டார்ட்' பிரிவுக்குச் செல்லுங்கள். வரைபடத்தில் ஏதாவது ஒரு புள்ளியைக் கிளிக் செய்தால், மேலும் கீழும் வளைந்து செல்லும் ஒரு கோடு தெரியும்.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றிலும் கடலடியில் ஓர் அழுத்தமானி இருக்கிறது. அது ஒலி மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குத் தகவல் சொல்ல, மிதவை சாட்டிலைட்டுக்கு அனுப்புகிறது. பத்து மீட்டர் தண்ணீர் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். 4,000 மீட்டர் ஆழத்தில் 400 மடங்கு! அத்தனை பாரத்திலும் 1 மில்லிமீட்டர் தண்ணீர் கூடினால் கருவிக்குத் தெரிந்துவிடும்.

உண்மையில் இது ஒரு தராசு. தலைக்கு மேல் உள்ள தண்ணீரை எடை போடுகிறது. கோடு வளைவதற்குப் பெரும்பாலும் காரணம் நிலவும் சூரியனும் உண்டாக்கும் ஓதம். வெயிலில் தண்ணீர் விரிந்து கடல் மட்டம் உயர்ந்தால்? எடை கூடவில்லை, எனவே அழுத்தமும் கூடாது. பனி உருகிக் கடலில் சேர்ந்தால் கூடும். காற்று கிளப்பும் அலைகளோ அவ்வளவு ஆழத்தை எட்டுவதே இல்லை. ஆனால் சுனாமி மேலிருந்து அடிவரை மொத்தத் தண்ணீரையும் நகர்த்துவதால் அடியில் பதிவாகிவிடும்.

ஓதத்திலிருந்து சுனாமியைப் பிரிப்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கருவிக்குள் ஒரு சின்ன புரோகிராம் ஓடுகிறது. கடந்த மூன்று மணி நேர அளவுகளை வைத்து அடுத்த அளவை ஊகிக்கிறது. ஊகத்துக்கும் நிஜத்துக்கும் சுமார் 3 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் போதும், 15 நிமிடத்துக்கு ஓர் அளவு என்பதை மாற்றி, 15 விநாடிக்கு ஒன்று எனத் தரத் தொடங்கும். நிலநடுக்கத்தில் தரை குலுங்கினாலும் விழித்துக் கொள்ளும்.

2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலில் இப்படி ஒரு கருவிகூட இல்லை. சுமத்ராவில் பூமி அதிர்ந்து, நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் வீணாய்ப் போனது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007ல்தான்.

நீங்களே வரைந்து பார்க்க, ஜப்பானுக்குக் கிழக்கே உள்ள 21418 என்ற நிலையத்தின் பழைய டேட்டாவில் 2011 மார்ச் 11ஐ எடுத்து எக்செல்லில் ஒட்டுங்கள். 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொடுத்தால் எண்கள் தனித்தனிக் கட்டங்களில் உட்காரும். 9999 என்று இருக்கும் வரிசைகளை நீக்கிவிடுங்கள். அவை விடுபட்ட அளவுகள். விட்டு வைத்தால் கிராஃப் கெட்டுவிடும். நேரம் கிரீன்விச் கணக்கு, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். 5.46க்கு நிலநடுக்கம். அடுத்த சுமார் அரை மணியில் கோடு ஒன்றரை மீட்டருக்கு மேல் எகிறுவதைப் பார்ப்பீர்கள்.