வண்டி என் பெயரில்... விவரம் யாருக்கு?

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். வயது முப்பத்தேழு. தாராபுரத்தில் வசிக்கிறோம். எனக்கு நேர்ந்தது இன்னொரு சகோதரிக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வாங்குவதும் ஓட்டுவதும் ஆண்கள். பதிவு செய்வது மட்டும் வீட்டுப் பெண் பெயரில். கேட்டால் 'ராசி' என்பார்கள். உண்மையில் அவர் பெயரில் ஏற்கனவே ஒரு ஃபைனான்ஸ் கடன் ஓடிக் கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அதுதான் கதை.

2016-ல் என் கணவர் ஒரு 'குட்டியானை' எடுத்தார். திருப்பூரில் வெட்டிய பனியன் துணியைப் பண்டல் பண்டலாக ஏற்றி, குண்டடம் வழியாகக் கொண்டு வந்து, இங்குள்ள தையல் யூனிட்டுகளில் இறக்குவார். தைத்து முடித்ததைத் திரும்ப ஏற்றிப் போவார். "உன்ற பேர்லதான் எடுக்கறேன் புள்ள, நீதான் நம்ம ஊட்டு மகாலட்சுமி" என்றார். அத்தைக்கும் பெருமை. "அம்மிணி ஜாதகத்துல வண்டி யோகம் இருக்குதுன்னு அன்னைக்கே சொன்னாங்க" என்று தெருவெல்லாம் சொன்னார். பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடியில் மகள் பெயரை எழுதினோம். ஆனால், என் பெயர் இருந்த ஆர்.சி. புத்தகத்தை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

2020-ல் கொரோனா வந்தது. கம்பெனிகள் மூடின, லோடு நின்றது. தவணை முடிந்திருந்தாலும் வீட்டுச் செலவுக்கே திண்டாட்டம். புரோக்கர் மூலம் ஒரு காய்கறி வியாபாரிக்கு வண்டியை விற்றார். "ஏம்புள்ள, இந்த ரெண்டு பாரத்துலயும் கையெழுத்துப் போடு" என்று நீட்டினார். அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்தது. கையைத் துடைத்துக் கொண்டு போட்டுக் கொடுத்தேன். "பேரு மாத்தறதெல்லாம் வாங்குனவங்க பார்த்துக்குவாங்க" என்று புரோக்கர் சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு மறந்தே போனோம்.

இரண்டு வருடம் கழித்து என் பெயருக்கு ஒரு பதிவுத் தபால். பிரித்தால் கோர்ட்டு சம்மன்! நாங்கள் விற்ற வண்டி, மொபெட்டில் போன ஒருவரை இடித்திருக்கிறது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்து விட்டார்கள். நஷ்டஈடு கேட்டு வழக்கு. வண்டி ஓட்டியவர் பெயருக்கு அடுத்து, வண்டியின் உரிமையாளர் என்று என் பெயர்!

"வித்தாச்சு, பணமும் வாங்கியாச்சு. நமக்கென்ன?" என்றுதான் கணவர் நினைத்தார். வக்கீல் தலையை ஆட்டினார். "2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குதுங்க. வண்டி எத்தனை கை மாறுனாலும், ஆர்.டி.ஓ. பதிவுல யார் பேர் இருக்குதோ அவங்கதான் ஓனர். நீங்க போட்ட கையெழுத்து புரோக்கர் பையிலயே இருந்தா என்ன பிரயோஜனம்?" என்றார். இன்சூரன்ஸ் இருந்தாலாவது கம்பெனி கட்டியிருக்கும். வாங்கியவர் அதையும் புதுப்பிக்கவில்லை. விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்து போயிருந்தது.

யோகம் என்ற அதே வாய்கள், "இவ ராசியே சரியில்ல" என்றன. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. யாரோ செய்த தப்புக்கு நானா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கோர்ட்டு வாசலில் அந்த மனிதரைப் பார்த்தேன். கக்கத்தில் கட்டை வைத்துக் கொண்டு, மனைவி தோளைப் பிடித்தபடி படியேறினார். என் அப்பா வயதிருக்கும். என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவர் என்ன பாவம் செய்தார்? இவருக்கு யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்?

கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. வண்டி வாங்கியவர் ஒரு பங்கு, நாங்கள் ஒரு பங்கு கொடுத்தோம். எனக்குப் பிறந்த வீட்டில் போட்ட சங்கிலி அடகுக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "தப்பு என்றதுதான் புள்ள" என்றார். "என்றதுந்தானுங்க. படிச்சுப் பார்த்துட்டுப் போட்டிருக்கோணும்" என்றேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அந்தப் பாரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வாயும் இருந்தது. கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினோம். இந்தத் தடவை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் போனேன். பெயர் மாறிய பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தோம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்சும் எடுத்தேன். முதல் நாள் கிளட்சை விட்டதும் வண்டி குதித்து நின்றது; வேடிக்கை பார்த்த பையன்கள் சிரித்தார்கள். "இந்த வயசுல எதுக்கு?" என்று அத்தையும் கேட்டார். இப்போது அவரையே கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன்.

உலகத்தில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனது ஒரு பெண்தான் என்று என் மகள் படித்துச் சொன்னாள். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, 1888-ல் புருஷனிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக் கொண்டு சுமார் நூறு கிலோமீட்டர் போனாராம். காரைக் கண்டுபிடிக்க உதவியது அவருடைய சீதனப் பணம். காப்புரிமை இருந்ததோ கணவர் பெயரில்! நமக்கு இங்கே தலைகீழ். பெயர் நம்முடையது, மற்றதெல்லாம் அவர்களுடையது.

சகோதரிகளே! உங்கள் பெயரில் வண்டி இருந்தால், இன்றே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும் என்று 2018 முதல் விதி. ஆனால் லாரி, டெம்போ மாதிரி சரக்கு வண்டிக்கு வருடா வருடம் கட்ட வேண்டும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வண்டியை விற்றால் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறியதா என்று நீங்களே பார்க்கும் வரை விடாதீர்கள்.

இன்னொன்று. "பையன் தெருமுனை வரைக்குந்தானே ஓட்டறான்" என்று பதினெட்டு வயதாகாத பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019-ல் சட்டத்தைக் கடுமையாக்கி விட்டார்கள். பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும், மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. உங்கள் பெயரில் உள்ள வண்டி என்றால் அது உங்கள் தலையில்தான் விடியும்.

வீட்டுக்காரரை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் நல்லவர்தான். அவருக்கும் விவரம் தெரியவில்லை, அவ்வளவுதான். பெயரைக் கொடுக்கும்போதே விவரத்தையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். குழம்பு கொதித்தால் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்து விட்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராபுரம்.