தோமையார் மலை அன்னை ஓவியம்: எழுதியவர் யார்?

சென்ற ஆண்டு அரியூர் நாட்டுப் பங்கு மக்கள் சிலருடன் சென்னைக்குத் திருயாத்திரை சென்றிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, இரவெல்லாம் பயணம் செய்து, விடியற்காலையில் புனித தோமையார் மலைப் படிகளில் ஏறினோம். 1523-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பிய அச்சிற்றாலயத்தில், பாலனை ஏந்திய தேவதாயின் பழம் ஓவியம் ஒன்று வணக்கத்திற்கு வைக்கப்பட்டுள்ளது. நற்செய்தியாளரான புனித லூக்கா தம் கையால் தீட்டியதென்றும், அப்போஸ்தலரான தோமையார் உடன் கொணர்ந்ததென்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

அதன்முன் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து, "சாமி, நெசமாவே லூக்கா சாமி கையால எழுதினதுங்களா?" என்று கேட்டார்.

குருமடத்தில் ஆண்டுக்கணக்காய் இறையியல் பயின்ற நமக்கு உடனே விடை வரவில்லை. ஆம் என்றால் பொய் சொன்னவராவோம். இல்லை என்றால் அவருடைய செபம் தடுமாறுமோ என்று அஞ்சினோம். "வண்டியில் பேசுவோம் அம்மா" என்று தள்ளிவைத்தோம்.

லூக்காவை அன்புக்குரிய மருத்துவர் என்று புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகம் கூறுகின்றது. அவர் ஓவியர் என்று விவிலியத்தில் எங்கும் இல்லை. அச்செய்தி பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே எழுத்தில் காணப்படுகின்றது. மறைவல்லுநரான புனித அகுஸ்தினார், திரித்துவத்தைப் பற்றிய தம் நூலில், கன்னிமரியின் முகம் எத்தகையது என்பதை நாம் அறியோம் என்றே எழுதியுள்ளார். லூக்கா தீட்டிய படம் ஒன்று அவர் காலத்தில் ஊரறிய இருந்திருப்பின் இவ்வாறு எழுதியிருப்பாரா?

அம்மலையிலேயே இதற்கு இணையான செய்தி ஒன்றுண்டு. 1547-இல் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட கற்சிலுவை தோமையாரே செதுக்கியது எனப்பட்டது. அதனைச் சுற்றியுள்ள பகலவி எழுத்துக்களை 1873-இல் ஆராய்ந்த பர்னல் என்னும் அறிஞர், அவை ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றார். அதற்காக ஒருவரும் அச்சிலுவையின் முன் மண்டியிடுவதை நிறுத்திவிடவில்லை.

உரோமை நகரின் மரியன்னைப் பெருங்கோவிலிலுள்ள படமும் லூக்காவினுடையது என்றே வழங்கி வந்தது. சேசு சபைத் தலைவர் புனித பிரான்சிஸ் போர்ஜியா 1569-இல் பாப்பரசரின் இசைவு பெற்று அதற்குப் படிகள் எடுக்கச் செய்தார். அவற்றுள் ஒன்று 1580-இல் அக்பரின் அரண்மனைவரை வந்தது. பேரரசரும் அதற்கு வணக்கம் செலுத்தினார். பரோக் காலத்து இத்தாலிய ஓவியர் குவெர்ச்சினோ 1650-களில் தீட்டிய படமொன்றில், லூக்கா தாம் வரைந்த அன்னையின் படத்தை நமக்குக் காட்டி நிற்கின்றார். கற்றறிந்த மக்களும் இம்மரபை ஏன் இத்துணை நேசித்தனர்?

விடை லூக்காவின் நற்செய்தியிலேயே இருக்கின்றது. கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்ததும், அவர் மலைநாட்டிற்கு விரைந்து எலிசபெத்தம்மாளைக் கண்டதும், தீவனத் தொட்டியும் இடையர்களும் சிமியோனும் அவர் ஒருவர் ஏட்டில் மட்டுமே உள்ளன. இவை இல்லையெனில் எந்த ஓவியருக்கும் தேவதாயை வரையப் பொருள் ஏது? தோமையார் மலைக் கோவில் பேறுகாலத்தை எதிர்நோக்கும் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. டிசம்பர் 18 அதன் திருநாள். அந்தக் காத்திருப்பை நமக்கு விரித்துச் சொன்னவரும் அவரே. பலகையில் தூரிகை பிடித்த கை எவருடையதாயினும், அக்கைக்கு முகத்தைக் காட்டியவர் லூக்கா என்பது நம் துணிபு.

திரும்பும் வழியில் இதனை அம்மூதாட்டிக்குச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்ப லூக்கா சாமி சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்காங்க. அவரு சொன்னதப் படிச்சுக் காட்டுங்க சாமி" என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. முதல் அதிகாரத்திலிருந்து உரக்க வாசித்தோம். ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார். காரவள்ளியில் மலையேற்றம் தொடங்கியபோது, சிமியோன் பாலனைக் கையில் ஏந்தும் இடத்திற்கு வந்திருந்தோம். வளைவுகளில் வரிகள் ஆடியதால், எஞ்சியதை ஞாயிறன்று வாசிப்பதாக ஒப்புக்கொண்டோம்.