‘கூடாது’ வேறு, ‘தேவையில்லை’ வேறு

யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட எங்கள் கரையோரத்துப் பெண்களின் வீடுகளில் தாள்கள் போட்டுவைத்த ஒரு பொலித்தீன் பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, நிவாரண விண்ணப்பம், கடன் பத்திரம், கிளினிக் துண்டு எல்லாம் அதற்குள் கிடக்கும். அவற்றில் சில ஆங்கிலத்தில் இருக்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பாண்டிருப்புக்கும் கல்முனைக்கும் மருதமுனைக்கும் வந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் தாள்கள் பலவும் அந்த மொழியிலேயே வந்தன. ‘இந்த இடத்தில் ஒரு கையொப்பம்’ என்று யாராவது விரலால் காட்ட, நாங்களும் வைத்துவிட்டு வந்தோம்.

சகோதரிகளே, ஒரு தாளில் என்ன இருக்கிறது என்று அறிய முழு ஆங்கிலமும் படித்திருக்கத் தேவையில்லை. அந்தத் தாள் உங்களைக் கட்டுப்படுத்துகிறதா, தடுக்கிறதா, உங்கள் விருப்பத்துக்கு விடுகிறதா என்பதை ஒரு சில சிறிய சொற்களே சொல்லிவிடுகின்றன. மஸ்ட், ஹெவ் டு, ஷல், ஷுட், மே என்பனவே அவை. வினைச்சொல்லுக்கு முன்னால் வரும் துணைச்சொற்கள் இவை. இவற்றோடு ‘நொட்’ என்ற இல்லைச் சொல் சேரும்போது என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

எங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான்

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்க நேர்ந்தவர் விரதம் காக்க வேண்டும். பார்க்கப் போகிறவர் விரதம் இருக்கத் தேவையில்லை, இருந்தாலும் குற்றமில்லை. செருப்புக் காலோடு தீக்குழிப் பக்கம் போகக் கூடாது. இந்த மூன்றையும் யாரும் ஒன்றோடொன்று மாற்றி விளங்கிக்கொள்வதில்லை.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுச் சகோதரிகள் இதைவிட நுட்பமான அளவுகோலை மத்ரஸாவிலேயே படித்திருக்கிறார்கள். பர்ளு, சுன்னத்து, முபாஹ், மக்றூஹ், ஹறாம் என்று செயல்களை ஐந்தாகப் பிரிப்பது அவர்களுக்குப் பழக்கம். றமழானில் நோன்பு பர்ளு. நோயாளியும் பிரயாணியும் அப்போது பிடிக்கத் தேவையில்லை. பெருநாளன்று பிடிக்கக் கூடாது. இந்த வரிசையை மனதில் வைத்து ஆங்கிலத்தைப் பாருங்கள். கட்டாயத்துக்கு மஸ்ட். செய்வது நல்லது என்பதற்கு ஷுட். செய்தாலும் சரி, விட்டாலும் சரி என்பதற்கு மே. தவிர்ப்பது நல்லது என்பதற்கு ஷுட் நொட். அறவே தடுக்கப்பட்டதற்கு மஸ்ட் நொட். மார்க்கமும் அலுவலகத் தாளும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. சொல்லின் வலுவை அளப்பதற்கு மட்டுமே இந்த ஒப்பீடு.

‘நொட்’ சேர்ந்தால் பொருள் பிரியும்

மஸ்ட், ஹெவ் டு இரண்டுக்கும் தமிழில் ‘வேண்டும்’ என்பதே பொருள். ‘யூ மஸ்ட் கம்’ என்றாலும் ‘யூ ஹெவ் டு கம்’ என்றாலும் நீங்கள் வர வேண்டும். ஆனால் மறுத்துச் சொல்லும்போது இரண்டும் வெவ்வேறு பக்கம் போய்விடுகின்றன. ‘யூ மஸ்ட் நொட் கம்’ என்றால் வரக் கூடாது. ‘யூ டோன்ட் ஹெவ் டு கம்’ என்றால் வரத் தேவையில்லை. வந்தாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். ‘நீட் நொட்’ என்று வந்தாலும் தேவையில்லை என்றே பொருள்.

எங்களுக்குச் சிக்கல் வருவது ‘வேண்டாம்’ என்ற சொல்லால். ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அது தடையாகவும் இருக்கலாம், வீண் அலைச்சல் எதற்கு என்ற கரிசனையாகவும் இருக்கலாம். ஆங்கிலத் தாளை வாசித்து யாராவது ‘வேண்டாமாம்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ‘கூடாதா, தேவையில்லையா?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் தரும் துண்டில் ‘மஸ்ட் நொட் ஈட் ஓர் ட்ரிங்க்’ என்று இருந்தால் உண்ணவோ குடிக்கவோ கூடாது. அதைத் ‘தேவையில்லை’ என்று விளங்கிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனால், மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. மறுபக்கம், ‘டோன்ட் ஹெவ் டு பே’ என்று எழுதிய படிவத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதற்கு யாராவது காசு கேட்டால் அந்த வரியைக் காட்டுங்கள்.

தடைக்கும் புத்திமதிக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் கரை நன்றாக அறியும். 2005இல், கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. கட்டாமல் விடுவது நல்லது என்ற ‘ஷுட் நொட்’ அல்ல அது. அந்தத் தூரத்துக்குள் வளவு வைத்திருந்தவர்கள் வேறு காணி தேடி அலைந்தார்கள். அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது.

‘ஷல்’ யார் பக்கம்?

சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் ‘ஷல்’ என்றால் ‘இனி நடக்கும்’ என்பது பொருளல்ல, ‘செய்தல் வேண்டும்’ என்பதே பொருள். ‘ஷல் நொட்’ என்றால் ‘செய்யலாகாது’. எவரும் சித்திரவதைக்கு உட்படுத்தப்படலாகாது என்று சொல்லும் எங்கள் அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையும், இனம், மதம், மொழி, பால் போன்றவற்றைக் காட்டிப் பாரபட்சம் செய்யலாகாது என்று சொல்லும் 12(2) உறுப்புரையும் இந்தச் சொல்லின் மீதுதான் நிற்கின்றன.

வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் கையில் வந்தால் ‘ஷல்’ எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘த எம்ப்ளோயர் ஷல்’ என்று தொடங்கும் வசனம் எஜமானரின் கடமை. சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், ஓய்வு பற்றிய வரிகள் அங்கேதான் இருக்க வேண்டும். ‘த வேர்க்கர் ஷல்’, ‘த வேர்க்கர் ஷல் நொட்’ என்பன உங்கள் மீது விழும் கடமையும் தடையும். எல்லா ‘ஷல்’லும் உங்கள் பக்கமே இருந்தால் அந்த ஒப்பந்தத்தில் ஏதோ குறை இருக்கிறது.

கடன் பத்திரத்திலும் இதே கதைதான். பிணை நிற்பவர் பற்றிய வரியில் ‘ஷல் பே’ என்று இருந்தால், கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் பிணை நின்ற நீங்கள் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்காகச் சும்மா வைத்த கையொப்பம் என்று பிறகு சொல்ல முடியாது.

எங்களுக்குச் சாதகமான ‘ஷல்’லும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச அலுவலகம் ஒன்றிடம் தகவல் கேட்கும் பிரஜை ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கேட்பவருக்குத் ‘தேவையில்லை’, அலுவலருக்கு ‘வேண்டும்’.

‘மே’ என்றால் கட்டாயமில்லை

‘மே’ என்பது ‘செய்யலாம்’. ஒரு குழு உதவி ‘மே’ கொடுக்கும் என்று இருந்தால் கொடுக்கவும் கூடும், கொடுக்காமல் விடவும் கூடும். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். விதிமுறைகளில் ‘மே நொட்’ என்று வந்தால் பெரும்பாலும் அனுமதி இல்லை என்று பொருள்.

காணாமற்போனோரின் மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் இந்தச் சிறு சொல் மிகவும் பெரிது. இறப்புகளைப் பதிவுசெய்வது பற்றிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், யுத்தத்தால் ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போயிருப்பவரின் இறப்பைப் பதிவுசெய்ய உறவினர் விண்ணப்பிக்கலாம் என்றது. ‘மரணச் சான்றிதழ் எடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது’ என்ற பேச்சுக்கு நடுவில், அந்த ‘லாம்’ பல பெண்களின் காதில் ‘வேண்டும்’ என்றே விழுந்தது. உடலைக் காணாமல், செய்தியும் இல்லாமல், அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க எத்தனையோ பேருக்கு மனம் வரவில்லை.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைக் குடும்பம் பெறலாம் என்றது. நிவாரணம், சொத்து, பிள்ளைகள் சம்பந்தமான அலுவல்களுக்கு அது உதவும். இதுவும் ‘லாம்’தான். எந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது என்பது உங்கள் தீர்மானம். ‘இதைத்தான் எடுக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால், ‘சட்டத்தில் மஸ்ட் இருக்கிறதா, மே இருக்கிறதா?’ என்று கேளுங்கள்.

‘இறந்திருக்க வேண்டும்’ என்பது ஊகம்

மஸ்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஹெவ்’ வந்தால் பொருள் மாறக்கூடும். ‘ஹி மஸ்ட் ஹெவ் டைட்’ என்றால் அவர் இறந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். இதில் கடமையும் இல்லை, கண்டறிந்த உண்மையும் இல்லை. எழுதியவரின் ஊகம் மட்டுமே இருக்கிறது. ‘மே ஹெவ்’ அதைவிட வலுக்குறைந்த ஊகம். ஓர் அறிக்கையில் இப்படி வந்தால், யார் கண்டது, என்ன ஆதாரம் என்று கேட்க இன்னும் இடம் இருக்கிறது.

‘ஷுட் ஹெவ்’ நேர் எதிர். ‘அறிவித்திருக்க வேண்டும்’ என்று அதில் இருந்தால், அறிவிக்கவில்லை என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. முறைப்பாடு எழுதும்போது அந்த வரியை எடுத்துக் காட்டலாம்.

கையொப்பத்துக்கு முன்

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. ஆகவே பிரதேச செயலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை. அதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. தனியார் நிறுவனமோ வேலை முகவரோ ஆங்கிலத் தாள் நீட்டினால், வாசித்துப் பொருள் கேட்ட பிறகே கையொப்பம் வையுங்கள். ஒரு பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மஸ்ட், ஹெவ் டு, ஷல், ஷுட், மே, நொட் என்ற ஆறையும் ஒரு மட்டையில் ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதித் தரும்படி பள்ளிக்கூடம் போகும் மகளிடமோ மகனிடமோ சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழை நீங்களே எழுதுங்கள். அடுத்த தாள் வரும்போது பென்சிலால் இந்தச் சொற்களின் கீழ் கோடிட்டு, ‘நொட்’ வரும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பொருள் சொல்பவரிடம் அந்த இடங்களைக் காட்டி, ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.