நாணயமே பிணை: இரும்பை வட்டாரத்து மகளிர் குழுக்கள்

விதைப்புக் காலத்தில் கையில் ரொக்கமில்லாத குடியானவர், எவ்வளவு நல்ல நிலமுடையவராயினும், பயிரில் பின்தங்கி விடுகிறார். மானாவாரி மணிலாவுக்கு மண்ணின் ஈரம் காத்திருப்பதில்லை. ஆகையால் கிடைத்த இடத்தில் கடன் வாங்க நேரிடுகிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் வாங்கினால், ஒரு வருஷத்தில் வட்டி மாத்திரம் 6,000 ரூபாயாகும். உயர்ந்த விதையாலும் எருவாலும் வரும் அதிக மகசூலை இவ்வட்டியே விழுங்கி விடும்.

இதற்குப் பரிகாரம் புதியதன்று. சென்னை மாகாணத்தில் விவசாயக் கடனை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், 1895-ல் வெளியிட்ட அறிக்கையில், ஜெர்மனியில் ராய்பைசன் என்பவர் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களின் முறையைச் சிபார்சு செய்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது; அவ்வாண்டிலேயே திரூரில் ஒரு கிராமச் சங்கம் ஏற்பட்டது. ஒருவர் குணத்தை ஒருவர் அறிந்த அயலார் கூடினால், அவர்களுடைய நாணயமே பிணையாகும் என்பதே அம்முறையின் சாரம்.

அதே சாரத்தை இன்று விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், மாகாளேசுவரர் கோயிலால் பெயர் பெற்ற இரும்பையில் காணலாம். இங்கிருந்து தொண்டாற்றும் ஆரோவில் கிராமச் செயற்குழு, சுற்றுக் கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை வளர்த்து வந்திருக்கிறது. நாடெங்கும் இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் ஏற்பாட்டை நபார்டு வங்கி 1992-ல் 500 குழுக்களை இலக்காகக் கொண்டு தொடங்கிற்று.

குழு நடக்கும் விதம் எளிது. 12 முதல் 20 பேர் சேர்ந்து, குறித்த நாளில் கூடி, குறித்த தொகையைச் சேமிக்கிறார்கள். 15 பேர் மாதம் 100 ரூபாய் வீதம் செலுத்தினால், வருஷத்தில் 18,000 ரூபாய் சேரும். அதிலிருந்து யாருக்கு முதலில் கடன் கொடுப்பதென்று எல்லோரும் கலந்து முடிவு செய்கிறார்கள். வட்டியும் வெளியே போகாமல் குழுவின் முதலையே பெருக்குகிறது. கூட்டம், சேமிப்பு, உட்கடன், தவணை, கணக்கு ஆகிய ஐந்தும் சுமார் ஆறு மாதம் தவறாதிருப்பின், நிலத்தை ஈடு வையாமலே வங்கிக் கடனும் கிடைக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் தனியார் கம்பெனிகள் ஒரே குடும்பத்துக்குப் பல கடன்களை அவசரமாய்க் கொடுத்து, கடுமையாய் வசூலித்தமையால் பெருந்துயர் விளைந்தது. 2010-ல் அம்மாநில அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேரிட்டது. அங்கே பணம் இருந்தது. ஒருவரையொருவர் அறிந்து பொறுமையாய் வளர்த்த நம்பிக்கை இல்லை.

எனவே நிலமுடைய குடியானவர்கள், மனைவியின் பேரால் வந்த கடன் குடும்பக் கடனே என்பதை மறவாமல், அறுவடைப் பணத்தில் குழுத் தவணையை முதலில் ஒதுக்க வேண்டும். ஒருவர் தவறினால் பதினைந்து குடும்பங்களின் பேரும் கெடும். கிராம அதிகாரிகள் குழுவின் முடிவுகளில் தலையிடாமல், கூட்டத்துக்கு இடமும் கணக்கெழுதப் பயிற்சியும் கிடைக்க உதவுவது நலம். நிலத்தின் வளத்தைப் போலவே ஊரின் நம்பிக்கையும் ஆண்டுதோறும் பேணினாலன்றி நிலையாது.