விருந்து மேசையில் புலிவேட்டை

சாப்பாட்டு மேசையின் நடுவே புலிவேட்டை நடந்தால் எப்படியிருக்கும்? 1834-இல் பிரெஞ்சு இளவரசர் ஓர்லியான் கோமகன், தம் விருந்து மேசையை அழகுபடுத்த வேட்டைக் காட்சிச் சிலைகளைச் செய்யும் பணியைச் சிற்பி அந்துவான் லூயி பாரியிடம் ஒப்படைத்தார். அவற்றுள் ஒன்றில், இந்திய வேடர்கள் ஏறிய யானையைப் புலிகள் தாக்குகின்றன. பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் விலங்குகளைக் கூர்ந்து நோக்கிப் பழகியவர் பாரி.

இது எப்படி வெண்கலமாயிற்று? மெழுகு உருவத்தைச் சுற்றி அச்சு அமைத்துச் சூடேற்றினால், மெழுகு உருகி வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவர். செம்பு 1,085 டிகிரி செல்சியசில் உருகும். வெள்ளீயம் கலந்த வெண்கலமோ அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். ஆனால், வார்ப்புப் பிழைத்தால் மெழுகு உருவமும் மிஞ்சாது! வார்ப்பாளர் ஓனோரே கோனோன் அதில் வென்றார். அந்த யானையை இன்றும் அமெரிக்காவில், பால்டிமோர் நகரின் வால்டர்ஸ் கலைக்கூடத்தில் காணலாம்.