பணகுடிக் காற்றில் உலை கொதிக்குமா?

"கரண்ட் அடுப்பு வாங்குனா பில்லு எகிறிருமா அண்ணாச்சி?"

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் தெருவில் யாரும் அரசியல் கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறார்கள். வள்ளியூரிலும் பணகுடியிலும் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவன் நான். அடுக்களையில் என்ன வேகிறது என்பது வாசலில் நிற்கும்போதே வாசனையில் தெரிந்துவிடும். எந்த அடுப்பில் வேகிறது என்பது மீட்டரில் தெரியும்.

எகிறும் என்றாலும் சரி, எகிறாது என்றாலும் சரி. உங்கள் வீடு இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் கணக்குக்குப் போகுமுன் சிலிண்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

இந்தியா எரிக்கும் சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் கப்பலில் வருகிறது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் ஏற்றப்படும் கப்பல்களில் பெரும்பாலானவை ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவே உள்ள ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும். அது மிகக் குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலம். வள்ளியூரில் பஸ் ஏறினால் நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். அந்தப் பக்கம் சண்டை மூண்டால் இந்தப் பக்கம் நம் வீட்டுப் பால் காய்ச்சும் அடுப்பு வரை பயம் வரும்.

விலையும் நம் கையில் இல்லை. சவூதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் விலையை வைத்துத்தான் இங்கே கணக்குப் போடுகிறார்கள். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியதும் 868 ரூபாய் 50 காசு ஆனது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்ப எண்ணெய் நிறுவனங்களுக்கு 30,000 கோடி ரூபாய் தர மத்திய அரசு 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. அதுவும் நம் வரிப்பணம்தான். சிலிண்டரோடு வரும் ரசீதில் அந்தத் தொகை தெரியாது, அவ்வளவுதான்.

2026-க்கு அமெரிக்காவிலிருந்து 22 லட்சம் டன் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஒரே கடையை நம்பியிருப்பதைவிட இரண்டு கடை நல்லதுதான். ஆனாலும் கடைக்குப் போவது நிற்கவில்லையே! குழாய் காஸ் வந்துவிட்டால் கவலை விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. நாடு பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவிலும் கிட்டத்தட்ட பாதி இறக்குமதி. எண்ணூரில் 2019-இல் திறந்த முனையம் கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்குவதற்குத்தான். கத்தாரோடு உள்ள பெரிய ஒப்பந்தம் 2048 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. குழாயில் வருவதால் அது உள்ளூர்ச் சரக்கு ஆகிவிடாது.

இத்தனைக்கும் நாங்கள் இருக்கும் இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம். வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை மலை இடுக்கு வழியாக வரும் காற்று கொடியில் போட்ட வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடும். காற்று மின்சாரம் தூத்துக்குடி வட்டாரத்தில் 1986-இல் சின்னச் சின்னக் காற்றாலைகளோடு தொடங்கியது. பிறகு முப்பந்தல், பணகுடி, காவல்கிணறு என்று பரவியது. இன்று தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. சோலாரும் அந்த அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் காற்றாலைக்கு அடியிலேயே இருக்கும் வீட்டில்கூடச் சோறு வேகுவது வளைகுடா காஸில்தான். மின்சாரம் எவ்வளவு சுத்தமாக வந்தாலும், அடுப்பு மாறாவிட்டால் கப்பல் வந்துகொண்டுதான் இருக்கும்.

இப்போது கணக்கு. ஒரு முழுச் சிலிண்டரில் உள்ள வெப்பத்தை மின்சாரமாகச் சொன்னால் சுமார் 180 யூனிட். காஸ் அடுப்பில் அதில் 60 சதவீதம்போல்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி சுவரையும் சமைப்பவரையும் சூடாக்குகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் தீ கிடையாது. உள்ளே உள்ள செம்புச் சுருளின் காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடேறுகிறது. அதனால் 85 சதவீதம் அளவுக்குப் பயன்படும். ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷனில் செய்ய 130 யூனிட் போதும். சிலிண்டர் 45 நாள் வரும் வீட்டில் ஒரு நாளைக்கு 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலைக் கட்டணப்படி 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், அதற்கு மேல் 500 வரை 6.45. முதல் 100 யூனிட் இலவசம் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது 300 யூனிட் ஓட்டும் வீடு முழுச் சமையலையும் கரண்டுக்கு மாற்றினால் 470 ஆகும். கூடுதலாக வருவது சுமார் 930 ரூபாய். அதே இரண்டு மாதத்துக்கு காஸுக்கு 1,150 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். இந்த வீட்டுக்கு லாபம்.

ஏசி போட்டு 450 யூனிட் ஓட்டும் வீடு? 620-க்குப் போகும். 500-ஐத் தாண்டியதும் அடுத்த யூனிட் 8.55, அதற்கும் மேலே 9.65. அதோடு 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகையும் பறிபோகும். கூடுதல் தொகை 1,500-ஐத் தாண்டிவிடும். காஸே மலிவு. 500 என்ற அந்தக் கோட்டுக்குப் பயந்து எத்தனையோ வீடுகளில் கடைசி நாட்களில் வாட்டர் ஹீட்டரை அணைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாளை ரீடிங் எடுக்க வேண்டியதை இன்றே எடுத்துவிடும்படி கெஞ்சியவர்களும் உண்டு.

இந்த இரண்டாம் வகை வீட்டுக்குத்தான் மொட்டை மாடி. ஒரு கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. சமையலுக்குத் தேவை 170 என்றால் மீதியில் ஃபேன் சுற்றும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒன்றை மட்டும் விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. பேட்டரி இல்லாத சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் நிற்கும். ஏமாற்று வேலை என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அது கோளாறு இல்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

பாத்திரம் இன்னொரு வழக்கு. ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். ஒட்டினால் இண்டக்‌ஷனில் வேகும். அலுமினிய வாணலி, பித்தளை உருளி, மண்சட்டி, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு எதுவும் தேறாது. இரும்பு தோசைக்கல் தேறும். ஆனால் கல் அகலமாகவும் உள்ளே இருக்கும் சுருள் சின்னதாகவும் இருந்தால் தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெள்ளையாக நிற்கும். என் வீட்டில் குக்கர், பால், சாம்பார், வெந்நீர் எல்லாம் கரண்டில். தோசையும் மீன் குழம்பும் காஸில். மீன் குழம்பு மண்சட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதில் வீட்டில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. அப்படியும் எங்களுக்கு ஒரு சிலிண்டர் பல மாதம் வருகிறது.

மின் அடுப்பு வாங்கும் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் இழுக்கும். அதைக் கொண்டுபோய் மிக்ஸிக்குப் போட்ட சின்னப் பிளக்கில் செருகுவார்கள். ஒரு மாதத்தில் சுவிட்ச் பழுப்பேறும், பிறகு பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வரும், பழி அடுப்பின்மேல் விழும்.

இதில் மறைக்கக் கூடாத விஷயம் மாலை ஏழு மணி. சூரியன் போன பிறகு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு பற்றினால் அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்துதான் வரும். இறக்குமதி காஸ் குறையும், புகை குறையாது. பகல் மின்சாரத்தை மாலைக்கு எடுத்து வைக்க வேண்டும். அந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ஆனைமலைக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது அதையே திறந்துவிட்டுச் சுழலியைச் சுற்றுவது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று திட்டமிட்டு, வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இந்தத் தாமதம்தான் எனக்கு எரிச்சல். காற்றாலை நட்டுவிட்டோம் என்று பெருமை பேசுகிறோம். காற்றைச் சேமிக்கும் வேலையில் ஆமை வேகம்.

நேபாளத்தின் கதையைப் பாருங்கள். அங்கே சமையல் எரிவாயு முழுக்க இந்தியா வழியாகத்தான் போகிறது. 2015 செப்டம்பரில் புதிய அரசியல் சட்டத்தை ஒட்டி எழுந்த கிளர்ச்சியில் எல்லை முடங்கி, அடுத்த பிப்ரவரி வரை லாரிகள் சரியாகப் போகவில்லை. பாதி நிரப்பிய சிலிண்டரைக் கொடுத்துச் சமாளித்தார்கள். காத்மாண்டுவிலேயே விறகு வைத்துச் சமைத்தார்கள். இண்டக்‌ஷன் வாங்கியவர்களுக்கு மின்வெட்டு. பிறகு அந்த நாடு நீர்மின் நிலையங்களைக் கட்டியது. மின்வெட்டு ஒழிந்தது, 2021-இல் இந்தியாவுக்கே மின்சாரம் விற்கத் தொடங்கியது. ஆனால் அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மின் அடுப்பை முதன்மையாக வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2030-க்குள் 25 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆற்றில் மின்சாரம் எடுத்தால் மட்டும் ஆகவில்லை. தெரு டிரான்ஸ்பார்மர், வீட்டு ஒயர், கட்டணம் மூன்றும் கூடவே மாற வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் முதலில் மாற வேண்டியது கட்டணம். சூரிய ஒளி உள்ள நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இலேயே விதி போட்டது. அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். அது வீடுகளுக்கு வந்து, பதினோரு மணிக்குக் குக்கர் வைத்தால் மலிவு என்று ஆனால், யாரும் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை. ஏழை வீட்டு சிலிண்டருக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கை மின் அடுப்புக்கும் ஒயரிங்குக்கும் கொடுக்கலாம்.

அது வரும்வரை உங்கள் கடைசி நான்கு பில்லை எடுத்துப் பாருங்கள். 300-ஐ ஒட்டி இருந்தால் தயங்காமல் ஒரு இண்டக்‌ஷன் வாங்குங்கள். 450-ஐத் தாண்டுகிறது என்றால் முதலில் மாடியில் ஒரு கிலோவாட், பிறகு அடுப்பு. இரண்டில் எதுவானாலும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன் இழுத்து 16 ஆம்ப் பிளக் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீசியன் வந்த கையோடு எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.